காக்காவை மன்னித்தால் வயலையும் விட்டுவிட வேண்டுமா?

கிழக்கிலங்கையின் நிந்தவூரிலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"வாப்பா மௌத்தாகி (இறந்து) ஆறு வருடம். எட்டு ஏக்கர் வயல், உறுதிக் காணி. காக்கா (அண்ணன்) ஐந்து ஏக்கர் செய்கிறார், எனக்கு மூன்றுதான் விட்டார். நாலு நாலாகப் பிரிப்போம் என்று கேட்டதற்கு, வட்டைக்குள் (வயல்வெளியில்) பத்துப் பேர் முன்னால் என்னைக் கள்ளன் என்றார். அன்றிலிருந்து பேச்சில்லை. தங்கச்சிமார் மூன்று பேருக்கும் வீடு கட்டிக் கொடுத்தாயிற்று, அவர்கள் இதில் இல்லை. உம்மா, காக்காவோடு பேசு என்று அழுகிறா. ஜும்ஆவில் யூசுப் நபியின் மன்னிப்பைப் பற்றிக் கேட்டேன். மன்னித்துவிட்டேன் என்று வாய் சொல்கிறது, நெஞ்சு எரிகிறது. மன்னிப்பதென்றால் காணியையும் விட வேண்டுமா?"

தம்பி, விட வேண்டியதில்லை. மன்னிப்பு வேறு, பங்கு வேறு. ஆனால் பங்கைப் பற்றி நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன்.

யூசுப் (அலை) அவர்களின் வாழ்க்கையை அல்லாஹ் ஒரே சூராவில், 12ஆவது அத்தியாயத்தின் 111 வசனங்களில் சொல்கிறான். பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) நாம், அண்ணன்மார் அவரைப் போட்ட கிணற்றிலிருந்து ஒரே தாவலில் மன்னிப்புக்கு வந்துவிடுகிறோம். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, 77ஆவது வசனம். பஞ்சத்தில் தானியம் வாங்க சகோதரர்கள் மிஸ்ருக்கு (எகிப்துக்கு) வந்திருக்கிறார்கள். களஞ்சியங்களின் பொறுப்பு யூசுப் நபியின் கையில். அவருக்கு அவர்களைத் தெரிகிறது, அவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. சின்னத் தம்பியின் பொதிக்குள் அரசனின் குவளை கிடைத்ததும் அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? இவன் திருடினால் என்ன புதுமை, இவனுடைய சகோதரனும் முன்பு திருடியவன்தானே என்றார்கள். அதாவது யூசுபைத்தான், அவர் முகத்துக்கு நேரே, கள்ளன் என்றார்கள்.

உங்களுக்கு விழுந்த அதே சொல். அவர் அப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், காவலர்கள் பிடித்திருப்பார்கள். அவர் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டார், வெளியே காட்டவில்லை என்கிறது குர்ஆன். உள்ளே என்ன நினைத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறது: நீங்கள்தான் மிகக் கெட்ட நிலையில் இருக்கிறீர்கள், நீங்கள் சொல்வதை அல்லாஹ் நன்கறிவான் என்று நினைத்தார். ஒரு நபிக்கே அந்த இடத்தில் வலித்திருக்கிறது. ஆகவே உங்கள் நெஞ்சு எரிவதை வைத்து என் மன்னிப்பு பொய் என்று முடிவு கட்டாதீர்கள். எரிவது உங்கள் கையில் இல்லை. அதை வாயால் வெளியே கொட்டுவதும் கொட்டாமல் இருப்பதும்தான் உங்கள் கையில்.

அப்புறம் அவர் தன்னை வெளிப்படுத்துகிறார். யூசுபுக்கு நீங்கள் செய்தது நினைவிருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை கேட்கிறார். நாங்கள் தவறு செய்துவிட்டோம் என்று அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். "லா தஸ்ரீப அலைக்குமுல் யவ்ம்", இன்று உங்கள்மீது எந்தப் பழிப்பும் இல்லை என்கிறார். தஸ்ரீப் என்றால் செய்த குற்றத்தைச் சொல்லிக் காட்டிக் குத்துவது. ஆக, உண்மையை ஒரு தடவை பேசியாயிற்று, இனிக் கிண்டுவதில்லை என்பதே அந்த வார்த்தை.

அதை அவர் காப்பாற்றியும் காட்டினார். 100ஆவது வசனத்தில், குடும்பம் முழுவதும் கூடியிருக்கும்போது அல்லாஹ் தனக்குச் செய்த உதவிகளைச் சொல்கிறார். சிறையிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தான் என்கிறார். கிணற்றை விட்டுவிடுகிறார். கிணறு என்று வாய் திறந்தால் அண்ணன்மார் தலை குனிய வேண்டிவரும். ஷைத்தான் எனக்கும் என் சகோதரர்களுக்கும் இடையில் பகையை மூட்டிய பிறகு என்று சொல்லும்போது, தன்னையும் அந்தப் பிணக்கில் ஒரு பக்கமாக வைக்கிறார். இந்த வசனத்தை எத்தனை தடவை ஓதினாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உங்களுக்கு இதில் உள்ள வேலை இதுதான்: அந்தக் 'கள்ளன்' என்ற சொல்லை இனிக் காணிப் பேச்சுக்குள் கொண்டுவராதீர்கள். உங்கள் வீட்டில், பிள்ளைகளுக்கு முன்னால், அதைச் சொல்வதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

சரி, இப்போது காணி.

கிணற்றுக்குள் இருந்தவராக உங்களை நினைத்துத்தான் நீங்கள் இந்தச் சூராவைக் கேட்டிருக்கிறீர்கள். கிணற்றுக்கு மேலே நின்றவராக நினைத்துப் பார்த்தீர்களா? வாப்பாவின் கடன், வஸிய்யத் (மரண சாசனம்) எல்லாம் போக மிஞ்சியது எட்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று, ஒரு ஏக்கர். மீதி ஏழு. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற குர்ஆனின் 4:11 வசனப்படி காக்காவுக்கு இரண்டு ஏக்கர், உங்களுக்கு இரண்டு, தங்கச்சிமாருக்கு ஆளுக்கு ஒன்று. நாலு நாலு என்ற கணக்கு எங்கேயும் இல்லை. காக்கா கையில் மூன்று ஏக்கர் கூட இருக்கிறது. உங்கள் கையிலும் ஒன்று கூட இருக்கிறது.

வீடு கொடுத்தாயிற்றே என்பீர்கள். மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்து வைப்பது நம் கிழக்கின் வழக்கம். வாப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமை அவர் மௌத்தான பிறகு பிறப்பது. முன்னது பின்னதைக் கழிக்காது. தங்களுக்கு எவ்வளவு உண்டு என்று தெரிந்துகொண்டு அவர்களே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. கூச்சத்தில் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள். ஆறு வருடம், பெரும்போகமும் சிறுபோகமுமாகப் பன்னிரண்டு அறுவடை. அவர்கள் பங்கின் குத்தகைக் கணக்கும் அதற்குள் இருக்கிறது.

நாட்டுச் சட்டமும் இதற்கு மாறானதல்ல. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம், இறந்தவர் சார்ந்த மத்ஹபின்படிதான் (மார்க்கச் சட்டப் பிரிவின்படிதான்) பிரிக்கச் சொல்கிறது. காணிப் பிணக்கோடு காதி நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள், அது திருமணம், விவாகரத்து, தாபரிப்பு பார்க்கும் இடம். வீட்டுக்குள் முடியாவிட்டால் முதலில் மத்தியஸ்த சபை, அதுவும் சரிவராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்கு. வழக்குப் போடுவது மன்னிப்புக்கு எதிரானதும் அல்ல. என்றாலும் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

ஒரு மௌத்து வீட்டில் நான் கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. வருடக்கணக்காகப் பேசாத இரண்டு சகோதரர்கள் உம்மாவின் சந்தூக்கை (மையித்துப் பெட்டியை) ஆளுக்கொரு பக்கம் தோளில் தூக்கிப் போனார்கள். பள்ளிவாசல் மையவாடி (அடக்கஸ்தலம்) வரைக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மண் போட்டபோது மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்காமல் நிலத்தில் வைத்தார் ஒருவர், மற்றவர் குனிந்து எடுத்தார். உங்கள் உம்மா உயிரோடு இருக்கிறா, அல்ஹம்துலில்லாஹ்.

முதலில் தங்கச்சிமாரிடம் போங்கள். கணக்கை ஒரு தாளில் எழுதி மூவருக்கும் காட்டி, என் கையில் உள்ள ஒரு ஏக்கர் என்னுடையதல்ல என்று சொல்லுங்கள். பிறகு காக்காவிடம் போகும்போது, எனக்கு நாலு வேண்டும் என்று கேட்கிற தம்பியாக நீங்கள் போகமாட்டீர்கள்.

மூன்று நாளுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுக்குவது ஆகாது, இருவரில் சிறந்தவர் ஸலாத்தை முதலில் சொல்பவர் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். நீண்ட பேச்சு வேண்டாம். உம்மாவின் வீட்டுக்கு காக்கா வருகிற நேரம் பார்த்து நீங்களும் போய் ஸலாம் சொல்லுங்கள், காணியை அன்றைக்கு எடுக்காதீர்கள். அவர் பதில் சொல்லாமல் போனால் அந்தப் பாவம் அவரோடு. அடுத்த வெள்ளிக்கிழமையும் சொல்லுங்கள். விதைப்புக்கு முன் ஐந்து பேரும் உம்மாவுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார முடிந்தால், அந்தத் தாளை அப்போது எடுங்கள்.