28 சென்ட்டில் பூட்டு, 15 சென்ட்டில் சாவி

கே: 2023 கடைசியில் ஒரு பவுண்டு எடை 28 அமெரிக்க சென்ட் விற்ற சர்க்கரை, 2025 முடிவில் உலகச் சந்தையில் 15 சென்ட் பக்கம் வந்துவிட்டதாமே! எங்கள் மளிகைக் கடையில் மட்டும் ஏன் இறங்கவில்லை?
– ஒரு வாசகி, பண்ருட்டி

ப: உங்கள் கடைக்காரர் மேல் கோபப்படாதீர்கள். உலகச் சந்தைக்கும் அவருக்கும் நடுவே 100 சதவீத இறக்குமதி வரி நிற்கிறது. எந்த ஆலை எந்த மாதம் எவ்வளவு விற்கலாம் என்பதை டெல்லி முடிவு செய்கிறது. கிலோ 31 ரூபாய்க்குக் கீழே ஆலை விற்கக் கூடாது என்று 2019-இல் வேறு போட்டார்கள்.

அந்த உலகச் சந்தையும் பெயருக்குத்தான் உலகம். விளைந்த நாடுகள் தின்றது போக மிஞ்சியதுதான் அங்கே வரும். அந்த மிச்சத்தில் பெரும்பங்கு பிரேசில் சரக்கு. அங்கே ஆலைக்காரர் ஒரே கரும்புச் சாற்றைச் சர்க்கரையாகவும் காய்ச்சுவார், வண்டிக்கு ஊற்றும் எத்தனாலாகவும் வடிப்பார். 1975-இல் பெட்ரோலிய எண்ணெய் விலைக்குப் பயந்து அவர்கள் அரசு தொடங்கிய எத்தனால் திட்டம் அது. எதில் காசோ அதில் சாறு போகும். 2025-இல் சர்க்கரைப் பக்கம் சாய்ந்தார்கள், இந்தியாவிலும் மழை கைகொடுத்தது, விலை விழுந்தது.

எனக்கு ஆறாத கோபம் வேறு. 28 சென்ட் விற்ற அந்த 2023 கடைசியில் நம் அரசு ஏற்றுமதியை அடைத்து வைத்திருந்தது. விலை பாதியான பிறகு, 2025 நவம்பரில், 15 லட்சம் டன் அனுப்பலாம் என்று திறந்துவிட்டது. நல்ல விலை வரும்போது கரும்புக்காரனுக்குப் பங்கில்லை. உள்ளூரில் சர்க்கரை தேங்கினால் மட்டும் ஆலை தராத கரும்புப் பண நிலுவை அவன் தலையில்.

பழைய புராணம்தான், சொல்லாமல் விடமாட்டேன். 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஆலைக்குப் போன 14 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. ஆலை தரும் வெட்டு உத்தரவு தாமதமாக வந்து, வெட்டிய கரும்பு ஆலை வாசலில் வண்டியோடு காய்ந்தால், எடை குறைவது விவசாயிக்கு. சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு, குறைந்தாலும் விலை குறைவது அவனுக்குத்தான். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு வைத்த கரும்பு விலையான குவிண்டாலுக்கு 355 ரூபாய், 10.25 சதவீதக் கட்டுமானம் இருந்தால்தான்; 9.5-ம் அதற்குக் கீழும் என்றால் 329 ரூபாய் 5 காசு.

உங்கள் ஊரைச் சுற்றிலும் கரும்புதானே அம்மா. அந்த 15 சதவீத வட்டியைக் கையில் வாங்கியவர் யாராவது இருந்தால் விசாரித்து எழுதுங்கள். முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.