சுவர் மூலையில் ரோவர் ஃபிக்ஸ் ஆகவில்லை, என்ன செய்யலாம்?

கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை அளக்கும்போது சுவர் மூலையில் ரோவருக்கு (செயற்கைக்கோள் சிக்னலைக் கொண்டு இடத்தை அளக்கும் கருவி) ஃபிக்ஸ், அதாவது சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம், கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைக்காதுதான். உயரமான சுவர் பாதி வானத்தை மறைக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலும் குழப்பும்.

சரி, வானம் திறந்த தெருவில் இரண்டு புள்ளிகள் எடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மூலைக்கு டேப் பிடித்து, இரு தூரங்களையும் கன்ட்ரோலரில் (ரோவரை இயக்கும் கையடக்கக் கருவி) கொடுங்கள். விடை இரண்டு வரும். இரு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டுக்கு மூலை இடப்பக்கமா வலப்பக்கமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரு டேப் கோடுகளும் மூலையில் 90 டிகிரிக்குப் பக்கமாக வெட்டட்டும். 30 டிகிரி என்றால் டேப் பிழை இரட்டிப்பாகும்.

அப்புறம், டேப் கிடைமட்டமாக இருக்கட்டும். இந்த வீடுகள் தெருவைவிட உயரத்தில் நிற்பவை. 5 மீட்டர் டேப்பின் ஒரு முனை 1 மீட்டர் உயர்ந்தாலே 10 சென்டிமீட்டர் கூடிவிடும். மூன்றாவது புள்ளியிலிருந்தும் அளந்து பார்க்காமல் எந்த மூலையையும் நான் ஏற்பதில்லை.