ஜப்பானிய மொழியில் ‘ன் தெஸ்’ எப்போது வரும்?

‘இகிமஸ்’ என்றாலே ‘போகிறேன்’தானே, ‘இகு ன் தெஸ்’ எதற்கு என்கிறீர்கள். கண்ணெதிரே இருப்பதற்கோ, முன்பு பேசியதற்கோ விளக்கம் தரும்போதும் கேட்கும்போதும் அது வரும். நனைந்த குடையோடு ஒருவர் உள்ளே வந்தால், ‘அமெ கா ஃபுத்தெரு ன் தெஸ் கா’ (மழையா பெய்கிறது?). அறிகுறி எதுவும் இல்லாமல் சும்மா விசாரித்தால் ‘ஃபுத்தெமஸ் கா’ போதும். தாமதத்துக்குக் காரணம் சொல்ல, ‘தென்ஷா கா தொமத்த ன் தெஸ்’: ரயில் நின்னுடுச்சு, அதான்.

இதற்கு முன் வினையின் சாதாரண வடிவம்தான் (‘மஸ்’ சேராத ‘இகு’ போன்றது) வரும். ‘இகிமஸ் ன் தெஸ்’ தவறு. பெயர்ச்சொல்லுக்கும் ந-உரிச்சொல்லுக்கும் (பெயருக்கு முன் ‘ந’ சேர்த்து வரும் உரிச்சொல்) நிகழ்காலத்தில் இடையே ‘ந’ வேண்டும்: ‘கக்செய் ந ன் தெஸ்’ (மாணவர், அதான்). பலர் சறுக்குவது இறந்தகாலத்தில். அதை வினையிலேயே காட்டுங்கள்: ‘இத்த ன் தெஸ்’ (போனேன், அதான்). ‘இகு ன் தெஷ்த’ என்றால் ‘போயிருக்கலாமே’ என்ற வருத்தம் வந்துவிடும். ‘ன் தெஸ்’ஸை வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டாதீர்கள், வாதாடுவதுபோல் ஒலிக்கும்.