டபிள்யூ123 டீசல் பென்ஸ்: வீட்டிலேயே வேலை பார்ப்பவர்களின் கேள்விகள், பதில்கள்

மெர்சிடிஸ் 1976-இல் அறிமுகப்படுத்திய டபிள்யூ123 வரிசையில் சுமார் 27 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. வந்த கேள்விகள் பெரும்பாலும் அதன் டீசல் எஞ்சின்களில் இரண்டைப் பற்றியவை: 240டி-யின் நாலு சிலிண்டர் ஓஎம் 616, 300டி-யின் ஐந்து சிலிண்டர் ஓஎம் 617. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கீழே உள்ள அளவுகள் டர்போ இல்லாத வகைக்கு உரியவை. டர்போவுக்கு மாறினால் அங்கேயே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஆறு வருடமாக ஷெட்டில் நின்ற 240டி ஒன்றை வாங்கியிருக்கிறேன் சார். பேட்டரி போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் பானட்டைத் திறந்து டீசல் பம்ப் பக்கம் ‘ஸ்டாப்’ என்று எழுதிய லீவரைக் கையால் அழுத்திப் பாருங்கள். இலகுவாகப் போய், விட்டதும் தானே திரும்ப வேண்டும். நாள்பட நின்ற வண்டியில் பழைய டீசல் பிசினாகி, பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற கம்பி முழு டீசல் நிலையிலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. அப்படி ஒட்டியிருக்கும்போது ஸ்டார்ட் ஆனால் எஞ்சின் உச்ச வேகத்துக்குப் பறக்கும். சாவியாலும் நிற்காது, அந்த லீவராலும் நிற்காது. முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காற்று போகும் வாயை அடைக்கும் அளவுக்கு ஒரு தடித்த பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையால் அடைக்கக் கூடாது.

அதற்கு முன் டேங்கில் இருப்பதை முழுக்க வடித்துவிடுங்கள். டேங்கின் அடியில் டீசல் வெளியே வரும் இடத்தில் ஒரு வலைச் சல்லடை இருக்கிறது. அதையும் கழற்றிக் கழுவுங்கள். பலர் இரண்டு ஃபில்டரையும் மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு ஹீட்டர் பிளக்குகளை (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டருக்குள் சூடேற்றுபவை) கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் மட்டும் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் பிளக்குகளைப் போடுவதற்கு முன், கிராங்க் முனையில் 27 மி.மீ. சாக்கெட் வைத்து, வண்டிக்கு எதிரே நின்று பார்க்கும்போது கடிகாரச் சுற்றாக, இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது கட்டையாக நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் கொடுத்துச் சுற்றாதீர்கள்.

ஓட்டுவதற்கு முன் பிரேக் ஹோஸ் நான்கையும் மாற்றிவிடுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே உப்பி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் காலிப்பர் பிடித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: 300டி. காலையில் நாலைந்து தடவை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. பிடித்த பிறகும் வெள்ளைப் புகை, ஒரு நிமிடம் உதறல். நாசில் மாற்றச் சொல்கிறார்கள்.

நாசிலை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) தொடாதீர்கள். முதலில் வால்வு கேப்பை, அதாவது வால்வை அழுத்தும் ராக்கருக்கும் அதைத் தள்ளும் கேமுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். இந்த எஞ்சினில் அது தானாகச் சரிசெய்துகொள்ளாது, 24,000 கி.மீ.க்கு ஒருமுறை கையால் வைக்க வேண்டும். ஓட ஓட வால்வு தன் சீட்டுக்குள் அமிழ்ந்துகொண்டே போவதால் கேப் குறைகிறது, கூடுவதில்லை. அதனால் சத்தமே வராது. “டாப்பெட் சத்தம் இல்லை, எஞ்சின் அமைதியாக இருக்கிறது” என்று சந்தோஷப்படுகிற வண்டியில்தான் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரெஷன் கசிந்துகொண்டிருக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பதில் அது முதலில் தெரியும். அப்படியே விட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

அளவு: எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. டர்போ என்றால் எக்ஸாஸ்ட் 0.35. சாயங்காலம் நிறுத்திய வண்டியை மறுநாள் காலையில் பார்ப்பதே சரி.

வால்வு கவரைக் கழற்றியதும் எது இன்டேக், எது எக்ஸாஸ்ட் என்று மனக்கணக்கு போடாதீர்கள். மேனிஃபோல்டின் எந்தக் குழாய் எந்த வால்வுக்கு நேராக வருகிறது என்று பார்த்து, ஹெட்டின் மேலேயே சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்கப்போகும் வால்வின் கேம் மூக்கு மேலே பார்க்கும்படி கிராங்கைச் சுற்றுங்கள். தவறியும் பின்னோக்கிச் சுற்றக் கூடாது. செயின் தளர்ந்து டென்ஷனர் விலகும். கேம்ஷாஃப்ட் போல்ட்டைப் பிடித்தும் சுற்றக் கூடாது.

ஃபீலர் கேஜை (அளவு குறித்த மெல்லிய தகடு) ராக்கருக்கும் கேமுக்கும் நடுவே விட வேண்டும். வால்வுத் தண்டின் உச்சியில் ஒரு தொப்பி நட்டு, அதன் கீழே ஒரு லாக் நட்டு, இரண்டும் 14 மி.மீ. இதற்கென்று வளைந்த ஸ்பேனர்கள் கிடைக்கின்றன. நேர் ஸ்பேனரால் செய்தால் விரல் தோல் போகும், வேலையும் சரியாக வராது. லாக் நட்டைத் தளர்த்தி, தொப்பி நட்டைச் சிறிது திருப்பி, மறுபடி இறுக்கிவிட்டு, திரும்பவும் கேஜை விட்டுப் பாருங்கள். இறுக்கும்போது கேப் ஒரு துளி மாறும். கேஜ் மெல்ல இழுபட்டு வர வேண்டும், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி. அதற்கு அடுத்த அளவு தடித்த கேஜ் உள்ளே போகவே கூடாது. ஸ்பேனரோடு வால்வும் சேர்ந்து சுழன்றால் ஸ்பிரிங் தட்டைப் பிடிக்க மூன்றாவது ஸ்பேனர் ஒன்று வேண்டும்.

பத்து வால்வுக்கும் முதல் தடவை மூன்று மணி நேரம் ஆகும். கவர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். அதன் பிறகும் உதறல் இருந்தால் அடுத்தது ஹீட்டர் பிளக்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 1979 மாடல். ஹீட்டர் பிளக் ஒன்று போனால் எல்லாமே போகிறதே, அது ஏன்?

உங்களுடையது சுருள் கம்பி வகை. கோயில் திருவிழா சீரியல் பல்பு போல ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரண்ட் போகிறது. ஒன்று அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும். 1980 வாக்கில் வந்த பென்சில் வகையில் ஒவ்வொன்றுக்கும் தனி வயர், 12 வோல்ட் நேரடியாக வரும். ஒன்று போனாலும் மற்றவை வேலை செய்யும். பழையதைப் பென்சில் வகைக்கு மாற்றலாம், ஆனால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. ரிலேயும் வயரிங்கும் சேர்ந்து மாற வேண்டும்.

பென்சில் வகை வைத்திருப்பவர்கள் வயரைக் கழற்றிவிட்டு மீட்டரில் பாருங்கள். ஒரு ஓம்முக்குக் குறைவாகக் காட்டினால் நல்ல பிளக், முள் அசையாவிட்டால் போய்விட்டது. எல்லாம் நன்றாக இருந்தும் சூடு வரவில்லை என்றால் ரிலேயில் இருக்கும் 80 ஆம்பியர் பட்டை ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

கேள்வி: அண்ணை, யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். திறப்பை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்குது. பொனட்டைத் திறந்து லீவரை அமத்தித்தான் நிப்பாட்டுறன். எங்க பாக்கிறது?

இதில் மின்சார சோலனாய்டு எதுவும் இல்லை. நிறுத்துவது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு. எஞ்சின் முன்புறப் பம்பிலிருந்து வரும் வேக்குவம், சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங் பூட்டுக்குப் பின்னால் உள்ள வால்வு வழியாக, பழுப்பு நிறக் குழாயில் டீசல் பம்பின் ஷட்-ஆஃப் டப்பாவுக்குப் போய் ரேக்கை இழுக்கிறது. எங்கே கசிந்தாலும் எஞ்சின் நிற்காது.

பம்பின் டப்பாவிலிருந்து பழுப்புக் குழாயை உருவுங்கள். அதன் உள்ளே எஞ்சின் ஆயில் ஈரம் இருந்தால் தேடலே தேவையில்லை: டப்பாவின் டயஃப்ரம் கிழிந்து பம்பிலுள்ள ஆயிலை உறிஞ்சுகிறது. புதியது போட வேண்டும். போடும்போது தண்டு நுனியில் உள்ள கொக்கி உள்ளே லீவரில் மாட்டியதா என்று பாருங்கள். மாட்டாமல் போல்ட்டை இறுக்கிவிட்டால் பழைய கதைதான். ஓ-ரிங்கும் புதிது.

குழாய் உலர்ந்திருந்தால் கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் ஒன்றை டப்பாவின் மூக்கில் மாட்டி, எஞ்சின் ஓடும்போது இழுங்கள். எஞ்சின் நின்று, கேஜ் முள்ளும் இறங்காமல் நின்றால் டப்பா நல்லது, கசிவு வேறு இடத்தில். பெரும்பாலும் அது கதவுப் பூட்டுகளில் இருக்கும், ஏனென்றால் சென்ட்ரல் லாக்கும் இதே வேக்குவத்தில்தான் ஓடுகிறது. அதற்குப் போகும் மஞ்சள் குழாயைப் பிரித்து முனையை அடைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். உடனே நின்றால் நாலு கதவு, டிக்கி, டீசல் மூடி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான். இதைச் சின்னத் தொந்தரவு என்று தள்ளிப்போடாதீர்கள். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்புதான் வேக்குவம் தருகிறது.

கேள்வி: பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இழுக்காமல் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

நின்ற உடனே டீசல் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனால் டேங்கின் காற்றுத் துளை அடைந்திருக்கிறது. சத்தம் இல்லையென்றால் சுத்தமான டீசலை ஒரு கேனில் எடுத்து, டேங்க் லைனைக் கழற்றி, கேனிலிருந்தே நேராக ஓட்டிப் பாருங்கள்; ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்கு விடுங்கள். சரியாக ஓடினால் குற்றம் டேங்க் சல்லடையில். அப்போதும் நின்றால் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற ஒரு கண்ணாடி போன்ற ஹோஸ் போட்டு, காற்றுக் குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். குமிழி வருகிற இடம் பெரும்பாலும் டீசலைக் கையால் ஏற்றும் பழைய வகைக் கை பம்பின் கைப்பிடி அடி. டீசல் வெளியே சொட்டாமலே அது காற்றை உள்ளே இழுக்கும். அதை ரிப்பேர் செய்து நேரத்தை வீணாக்காமல் புதிய மாடல் பம்பாகவே மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

ஏர் எடுக்கும்போது பம்பின் ஓவர்ஃப்ளோ வால்வு ‘கிர்’ரென்று சத்தம் போடும்வரை கை பம்பை அடியுங்கள். பிறகு நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, நுரை நின்று டீசல் வந்ததும் இறுக்குங்கள். செல்ஃபைத் தொடர்ந்து 30 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

கேள்வி: நாசிலை நானே கழற்றி பம்ப் கடையில் கொடுக்கலாமா? என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

தாராளமாக. பைப் நட்டுக்கு 17 மி.மீ., நாசிலுக்கு 27 மி.மீ. நீள சாக்கெட். கடையில் 115 முதல் 125 பார் அழுத்தத்தில் திறக்கும்படி கேளுங்கள். டர்போ என்றால் 135 முதல் 145. அதைவிட முக்கியம், எல்லா நாசிலும் ஒன்றுக்கொன்று 5 பாருக்குள் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஷிம்மை 0.05 மி.மீ. கூட்டினால் ஏறக்குறைய 3 பார் கூடும். நல்ல கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கும். டெஸ்டரில் அழுத்தும்போது நாசில் நறநறவென்று பேச வேண்டும், நுனியில் சொட்டு தொங்கக் கூடாது.

திரும்பப் போடும்போது நாசிலுக்கு அடியில் உள்ள ஹீட் ஷீல்டு வாஷரைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை அமுங்கிய வாஷர் மறுமுறை அடைக்காது. சிலிண்டரில் எரியும் வாயு கசிந்து நாசிலைச் சுட்டுவிடும். பழைய வாஷர் துளையின் அடியில் ஒட்டிக்கொண்டே இருந்து, அதன்மேல் புதியதையும் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. எத்தனை கழற்றினோம் என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதையும் கழற்றும்போதே பார்த்து வையுங்கள். முறுக்கு 70 முதல் 80 நியூட்டன் மீட்டர்.

கேள்வி: ஆயில் மூடியைத் திறந்தால் புகை வருகிறது. எஞ்சின் வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள், உண்மையா?

கொஞ்சம் புகை வருவது இந்த எஞ்சினுக்கு இயல்பு. ஐடிலில் மூடியைத் திருகாமல் சும்மா மேலே வையுங்கள். அது ஆடிக்கொண்டு அங்கேயே இருந்தால் கவலை இல்லை. தூக்கி எறியப்பட்டால் மட்டும் மேற்கொண்டு பாருங்கள். முடிவு சொல்ல வேண்டியது கம்ப்ரெஷன் கேஜ். பெட்ரோல் வண்டிக் கேஜ் உடைந்துவிடும், டீசல் கேஜ் வேண்டும். வால்வு கேப் வைத்த பிறகு, எஞ்சினைச் சூடாக்கி, ஸ்டாப் லீவரைப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். புது எஞ்சினுக்கு 22 முதல் 24 பார். குறைந்தபட்சம் 15. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 3 பாருக்கு மேல் போகக் கூடாது. எல்லாமே 19-இல் இருக்கும் எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: டைமிங் செயின் நீண்டுவிட்டதா என்று பிரிக்காமல் தெரியுமா?

தெரியும். கேம்ஷாஃப்ட் வாஷரில் உள்ள வெட்டும் கேம் டவரில் உள்ள கோடும் நேர் வரும்வரை கிராங்கைச் சுற்றி, கீழே கிராங்க் முனையில் உள்ள டேம்பர் சக்கரத்தில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று படியுங்கள். 2 டிகிரி வரை விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் கேமில் போட 4, 6.5, 8, 10 டிகிரிக்குரிய ஆஃப்செட் கீ (கேமை அந்த அளவு திருப்பி வைக்கும் சாவிக்கட்டை) கிடைக்கிறது. ஆனால் 8 டிகிரி நீண்ட செயினுக்குக் கீ போட்டு ஓட்டுவதைவிடச் செயினையே மாற்றுவது நல்லது. எதைச் செய்தாலும் டீசல் பம்ப் டைமிங்கை மறுபடி பார்க்க வேண்டும்: பிஸ்டன் உச்சியை (டாப்) அடைவதற்கு 24 டிகிரி முன்னால். அதைப் பம்பிலிருந்து டீசல் சொட்டுவதைப் பார்த்து, சொட்டு முறையில் வைப்பார்கள்.

கேள்வி: டர்போ இல்லாத என் 240டி-க்கோ 300டி-க்கோ டர்போ மாட்டலாமா?

வேண்டாம். நிறுவனம் செய்த டர்போ ஓஎம் 617-இல் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட், சோடியம் நிரப்பிய எக்ஸாஸ்ட் வால்வு, வலுவூட்டிய கிராங்க் எல்லாம் தனியாக இருக்கின்றன. உங்கள் எஞ்சினில் அவை இல்லை.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கிறேன். வண்டிக்கு, பழங்கால வண்டிகளுக்குத் தரும் ‘எச்’ எண் தகடு வாங்க வேண்டும். துருவில் எதை முதலில் பார்ப்பது?

எச் தகட்டுக்கு முதல் பதிவிலிருந்து 30 வருடம் ஆகியிருக்க வேண்டும், வண்டியும் அந்தக் காலத்து நிலையில் இருக்க வேண்டும். ஆண்டு வரி ஒரே தொகையாகச் சுமார் 191 யூரோ. உங்கள் ஊர் குளிர்கால உப்பில் ஓடிய வண்டிக்கு இந்த வரிச் சலுகையைவிடத் துரு வேலைக்குத்தான் அதிகம் செலவாகும்.

ஜாக் நுழைக்கும் துளைகளின் ரப்பர் மூடியை எடுத்து, உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் சில் (கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு) உள்ளிருந்து அரித்திருக்கிறது. அடுத்து ஸ்டெப்னிக் குழி, பேட்டரித் தட்டின் அடி, பின் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், டிரைவர் காலடித் தரைவிரிப்பின் கீழ். முன் ஃபெண்டர்கள் போல்ட்டில் நிற்பவை. அவற்றைக் கழற்றி மாற்றிவிடலாம், பயப்பட வேண்டாம். சில்லும் ஜாக் இடமும் வெல்டிங் வேலை. அரித்த தகட்டின் மேல் பட்டி பூசி மறைத்த வண்டியைக் காந்தம் காட்டிக் கொடுத்துவிடும். பட்டியைச் சுரண்டி, நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டு செய்து, எபாக்ஸி பிரைமர், தையல் சீலர், உள் அறைக்கு மெழுகு என்று இதே வரிசையில் போங்கள். தரையில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் சீலரால் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் அடுத்த மழைக்கே தண்ணீர் உள்ளே தேங்கும்.