செயற்கைக்கோள் பார்ப்பது மண்ணையா, ஈரத்தையா?

வணக்கம் ஐயா,

நான் வேலை பார்ப்பது தென்கொரியாவின் இஞ்சியோனில். இங்குள்ள கடலோரச் சேற்றுப்படுகையைப் பார்த்துவிட்டு வந்து, செயற்கைக்கோள் படங்களைத் தேடினேன். ஒன்றில் கிலோமீட்டர் கணக்கில் சேறு. ஆறு மாதம் கழித்து எடுத்ததில் பாதிகூட இல்லை. கடல் அரித்துவிட்டதா? நிறத்தை வைத்தே மணல் எது, சேறு எது என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால், ஆராய்ச்சியாளர்கள் ஏன் இன்னும் முழங்கால் சேற்றில் நடக்கிறார்கள்?

முரளி

அன்புள்ள முரளி,

அரிப்பு என்று முடிவுகட்டும் முன், படம் எடுத்த மணியைப் பாருங்கள். உங்கள் ஊரில் கடல்மட்டம் ஒரே நாளில் 9 மீட்டர் வரை ஏறி இறங்கும். படுகையோ ஏறக்குறைய மட்டமானது. தண்ணீர் ஒரு மீட்டர் ஏறினாலே கரைக்கோடு வெகுதூரம் உள்ளே வந்துவிடும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எந்த ஊரையும் உள்ளூர்ச் சூரிய நேரப்படி காலை 10.30 வாக்கில்தான் கடக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக வற்றும் நேரமும் ஒவ்வோர் ஊருக்கும் ஏறத்தாழ மாறாத ஒன்று. இரண்டும் ஒத்துவந்தால் யோகம். வராத ஊரில் படுகையின் கீழ்விளிம்பு அந்தப் படங்களில் சிக்கவே சிக்காது, எத்தனை வருடம் சேர்த்தாலும் சரி.

இஞ்சியோன் ஓரளவு யோகமுள்ள ஊர். 1950 செப்டம்பர் 15, அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், கொரியப் போரில் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் படை அங்கே இறங்கியது. காலை 6.30 வாக்கில், கடல் ஏறிநிற்கும் பெருக்கோடு, ஒரு பிரிவு வோல்மிதோ தீவில் இறங்கியது. மற்றவர்கள் மாலை 5.30 மணிப் பெருக்கு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுப்பகலில் எல்லாம் சேறு! அந்த நாட்களில் முற்பகலில் கடக்கும் செயற்கைக்கோளுக்குக் கடல் நன்றாக இறங்கியிருக்கும். ஏழெட்டு நாள் தள்ளிப்போனால் இறங்கியிருக்காது. உங்கள் இரண்டு படங்களின் கதை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து நிறம். சேறு என்பது 0.063 மில்லிமீட்டரை விடச் சிறிய துகள். சென்டினல்-2 படத்தின் ஒரு புள்ளியோ 10 மீட்டர். துகளை அது பார்ப்பதே இல்லை, ஈரத்தைத்தான் பார்க்கிறது. மழை விட்டதும் மணல் முற்றம் சீக்கிரம் காய்ந்துவிடும், களிமண் வரப்பு காயாது. அப்படித்தான் இதுவும். தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்குவதால், ஈரம் பிடித்துவைத்த சேறு அந்த ஒளியில் எடுத்த படத்தில் கறுப்பாகத் தெரியும். ஆனால் மணலிலும், அலை போட்டுவிட்டுப் போகும் வரிகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்குமே! அதுவும் கறுப்புதான். போதாததற்கு, மேலே டயாட்டம் என்ற நுண்ணிய பாசி படர்ந்தால் பச்சையம் வேறு கலந்துகொள்ளும். ரேடார் படத்துக்கு மேகமும் இருட்டும் தடையில்லை. அதில் அலைவரி போட்ட மணல் பளிச்சென்றும் வழவழப்பான சேறு மங்கலாகவும் தெரியும். ஆனாலும் அது சொல்வது சொரசொரப்பைத்தான், துகளின் அளவை அல்ல.

அதனால்தான் இன்னமும் சேற்றில் இறங்கி, மண்ணை அள்ளிவந்து சலிக்கிறார்கள். அந்த அளவுகளோடு ஒட்டிப் பார்க்காமல் மணல் எங்கே, சேறு எங்கே என்று வெறும் படத்தை வைத்துப் போட்ட வண்டல் வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

2010-ல் ஏவப்பட்ட தென்கொரியச் செயற்கைக்கோளில் இருந்த கோசி (GOCI) என்ற படக்கருவி ஒரே இடத்துக்கு மேல் நின்று பகலில் மணிக்கொன்றாக 8 படம் எடுத்தது. நேரச் சிக்கல் தீர்ந்தது, ஆனால் ஒரு புள்ளி 500 மீட்டர். கடலில் கலங்கல் நகர்வதைப் பார்க்க அருமையான கருவி. படுகைக்குள் ஓடும் ஓடைகள் அதில் தெரியாது.

உங்கள் படங்களை மறுபடி எடுங்கள். படக்குறிப்பில் உள்ள சர்வதேச நேரத்தோடு 9 மணி கூட்டி, கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, நீர்மட்டம் ஒத்திருக்கும் இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். தெற்கே சேமாங்கம் பக்கம் போனால் இந்தச் சிரமமே வேண்டாம். 2006-ல் அங்கே கடலை மறித்து முடித்த சுவர் 33 கிலோமீட்டருக்கு மேல் நீளம். எந்த மணிக்கு எடுத்த படத்திலும் வித்தியாசம் தெரியும்.