நான்கு மோட்டார் ஓட்ட 9 வோல்ட் பேட்டரி போதுமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஒரு ரோபோ வண்டி, அதில் ஆர்டுயினோ (நிரலை ஓட்டும் சின்ன கணினி போர்டு), நான்கு மஞ்சள் கியர் மோட்டார், இரண்டு சின்ன சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்), எல்லாவற்றுக்கும் ஒரே 9 வோல்ட் பேட்டரி. வண்டி கிளம்பும்போதே போர்டு ரீசெட் ஆகிறது. கையில் காசும் அதிகம் இல்லை. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சாஸ்திரமேளைக்கு (பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு) வரும் வண்டிகளில் ஆண்டுதோறும் இதே கோளாறைப் பார்க்கிறேன். பிள்ளைகள் நிரலைத் திருத்தித் திருத்தியே சோர்ந்துபோகிறார்கள். பிழை நிரலில் இல்லை.

வோல்ட்டைப் பார்த்தால் போதாது, ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். அந்த மோட்டார் சும்மா சுற்றும்போது 0.2 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணத்தில் 1 ஆம்பியரை நெருங்கிவிடும். நான்கும் ஒன்றாகக் கிளம்பினால் 4 ஆம்பியர்! உங்கள் 9 வோல்ட் சதுர பேட்டரியிடம் அரை ஆம்பியர் கேட்டாலே தள்ளாடும். அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புங்கள். எண் சரிவது கண்ணுக்கே தெரியும். அந்தச் சரிவில்தான் போர்டு ரீசெட் ஆகிறது.

புதிய பேட்டரி வாங்கக் கோவைக்குப் பஸ் ஏறும் முன், உள்ளூர் ஆக்ரிக்கடையில் (பழைய பொருள் கடையில்) பழைய லேப்டாப் பேட்டரி கிடைக்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் உள்ளே 18650 எனும் உருளை வடிவ லித்தியம் செல்கள் இருக்கும். பெரும்பாலும் ஒரு ஜோடி கெட்டிருக்கும், மற்றவை உழைக்கும். உறையைப் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பிரியுங்கள், ஸ்க்ரூடிரைவர் செல்லைத் துளைத்தால் தீப்பற்றும். 2 வோல்ட்டுக்குக் கீழே கிடக்கும் செல், சார்ஜ் ஏறும்போது சுடுகிற செல் இரண்டும் வேண்டாம். தேறியவற்றில் ஒரே மாதிரியான இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட். எல்298என் டிரைவர் (ஆர்டுயினோ சொல்கிறபடி மோட்டார்களை ஓட்டும் மாட்யூல்) சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடும் என்று பலரும் குறை சொல்வார்கள். இங்கே அதுவே நல்லது, 6 வோல்ட் மோட்டாருக்கு அளவாகப் போய்ச் சேரும். பேட்டரியின் பாசிட்டிவ் கம்பியில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம்.

சர்வோக்களை ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையில் மாட்டாதீர்கள். வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் எல்எம்2596 மாட்யூல் ஒன்றை 5 வோல்ட்டுக்குத் திருகி வைத்து, அதிலிருந்து கொடுங்கள். எல்லாவற்றின் கிரவுண்டும் (நெகட்டிவ் முனையும்) ஒன்றாக இணைய வேண்டும், இல்லாவிட்டால் சர்வோ கிறுக்குப் பிடித்ததுபோல் துடிக்கும். டிரைவரின் மின்முனையில் 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று எழுதிய செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள்.

காசே செலவில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது: நிரலில் வலது பக்க மோட்டார்களைக் கிளப்பி, 50 மில்லி செகண்ட் கழித்து இடது பக்கத்தைக் கிளப்புங்கள். உச்ச ஆம்பியர் குறையும்.