நம் மலைகள் எப்படிப் பிறந்தன? – எல்லையோர நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கம்பம், ஆசிரியை): இமயமலையைப் போல மேற்குத் தொடர்ச்சி மலையும் நிலத்தட்டுகள் மோதியதால் எழுந்தது என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. இமயம் மோதலால் எழுந்தது. நம் மலை பிரிவினால் பிறந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு (இந்தியாவைச் சுமந்து மெல்ல நகரும் பூமி மேலோட்டின் பெருந்துண்டு) ஆசியாவின் மீது மோதியபோது, இடையிலிருந்த கடலின் அடிப்படிவுகள் மடிந்து மேலெழுந்தன. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புக் கல்லில் கடலுயிர்களின் எச்சங்கள் இருப்பது அதனால்தான். நம் பக்கத்தில் நடந்தது வேறு. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்து விலகியபோது, பிளந்த நிலத்தின் விளிம்பு உயர்ந்து நிற்க, அதற்கு மேற்கே இருந்த பகுதி தாழ்ந்து கடலுக்குள் போயிற்று. அந்த விளிம்பை மழையும் ஆறுகளும் அரித்து அரித்துக் கிழக்கே தள்ளியதன் மிச்சமே இன்று குமுளிச் சாலையில் நாம் ஏறும் மலை.

கேள்வி (செங்கோட்டை): அப்படியானால் இமயமலையைவிட நம் மலை மூத்ததுதானே?

பதில்: மூத்ததுதான்; ஆனால் மலையின் வயதும் பாறையின் வயதும் ஒன்றல்ல என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீலகிரியின் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அவை மலையாக நிற்பதோ மிகப் பிற்காலத்தில். அங்குள்ள கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் பாறை. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் இவ்வகையே என்பதால் அவர் பெயர் இதற்கு வந்தது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவாகும் இப்பாறை இன்று நம் கைக்கு எட்டுகிறது என்றால், அதன் மேலிருந்த அத்தனை பாறையும் தேய்ந்து கரைந்து போயிருக்கிறது என்றே பொருள்.

கேள்வி (குமுளி): இத்தனை கோடி ஆண்டு மழையில் மலை தரைமட்டமாகியிருக்க வேண்டாமா?

பதில்: மிக நல்ல கேள்வி. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவை அளந்தபோது, இமயத்தின் ஈர்ப்பால் தூக்குக்குண்டு எவ்வளவு சாய வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்ததில், அது உண்மையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே சாய்ந்திருப்பது தெரிந்தது. 1855இல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் இதற்கு விளக்கம் தந்தார்: எடை குறைந்த பாறை, மலைக்கு அடியிலும் வேர்போல ஆழமாக இறங்கி, கனமான அடிப்பாறையின் மேல் மிதக்கிறது. சுமையை இறக்க இறக்கத் தோணி நீரில் மேலெழுவதுபோல, அரிப்பினால் பாரம் குறையும்போது அடியிலுள்ள நிலம் மெல்ல உயர்கிறது. ஆகவே அரிப்பு மலையைக் குறைக்கும் அதே வேளையில் ஓரளவு உயர்த்தவும் செய்கிறது.

கேள்வி (பொள்ளாச்சி, மாணவர்): பாலக்காட்டுக் கணவாயை ஆறு வெட்டியதா, ஐயா?

பதில்: ஆறு மட்டும் வெட்டியிருக்க முடியாது, தம்பி. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளி, பூமியின் மேலோடு பழங்காலத்தில் நொறுங்கி நலிந்த ஒரு மண்டலத்தின் மீது அமைந்திருக்கிறது. நலிந்த பாறையை அரிப்பது எளிது. பாரதப்புழை இன்று அவ்வழியே ஓடுகிறது. ஆடி மாதம் உங்கள் ஊரில் வீசும் காற்றும் அந்தப் பழைய நலிவின் வழியாகவே வருகிறது.

கேள்வி (தேனி): நம் கருங்கல் எரிமலைக் குழம்பா?

பதில்: இல்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பின் அடுக்குகள் இத்தொடரின் வடபகுதியில், மகாராஷ்டிரத்தில் உள்ளன.